இறுக்கக் கூடாத போல்ட்

படகுக்கு நிழல் தரும் மடக்குக் கூரையை விற்பவர்கள் துணியைப் பற்றித்தான் பேசுவார்கள். வெளுக்காது, ஒழுகாது, காற்றுக்குக் கிழியாது என்பார்கள். எல்லாம் சரி. அந்தத் துணியை நிமிர்த்தி நிறுத்துவது குழாய்ச் சட்டத்தின் மூட்டுகளில் இருக்கும் சுண்டுவிரல் நீள போல்ட்டுகள். அவற்றைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. புதுச்சேரியில் நண்பர் ஒருவரின் ஃபைபர் படகில் ஏற்கெனவே இரண்டு போல்ட் தண்ணீருக்குள் போயிருந்தன. மீதியையும் கழற்றிவிட்டு நைலாக் நட்டு, திரெட்லாக்கர் பசை, கயிறு கட்டிய பின் ஆகிய மூன்றையும் அந்த ஒரே சட்டத்தில் போட்டுப் பார்த்தோம்.

கடைக்குப் போகும் முன்பே ஒரு வில்லங்கம். கூரை அமெரிக்க அளவில் செய்யப்பட்டது. நம் கடைகளில் கிடைப்பது மெட்ரிக். கால் அங்குல போல்ட்டின் விட்டம் 6.35 மி.மீ., மரை இடைவெளி 1.27 மி.மீ. அதற்குப் பதிலாக எம்6 கொடுத்தால் மரை இடைவெளி 1 மி.மீ.தான் என்பதால் ஓரிரு சுற்றிலேயே சிக்கிக்கொள்ளும், உடனே தெரிந்துவிடும். ஏமாற்றும் ஜோடி வேறு. 10-32 என்ற அமெரிக்க அளவும் நம் எம்5-உம் மரை இடைவெளியில் ஏறக்குறைய ஒன்று. விட்டத்தில் மட்டும் 10-32 கொஞ்சம் மெலிந்தது, 4.83 மி.மீ. எம்5 நட்டு அதில் வழுக்கிக்கொண்டு ஏறும், பொருந்திவிட்டது போலவே இருக்கும். பாரம் வந்ததும் மரை உருவிக்கொள்ளும். பழைய போல்ட்டைக் கையோடு கொண்டுபோய், வெர்னியர் வைத்து அளந்து வாங்குங்கள்.

உலோகத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ‘எஸ்.எஸ்.’ என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் 304 ரகம்தான் வரும். உப்புக் காற்றில் அது பழுப்புத் தேமல் பிடிக்கும். 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது. குளோரைடு அரிப்பைத் தாங்குவது அதனால்தான். நல்ல போல்ட்டின் தலையிலேயே அச்சு இருக்கும்: ஏ2 என்றால் 304 வகை, ஏ4 என்றால் 316 வகை. காந்தம் ஒட்டுகிறதா என்று பார்க்கும் கடைக்காரர் சோதனை இங்கே பலிக்காது. இரண்டுமே காந்தத்துக்குப் பெரிதாக மசியாது.

இனி மூட்டு. சாதாரண போல்ட் கழலாமல் இருப்பது இறுக்கத்தால். முறுக்கும்போது போல்ட் இம்மியளவு நீள்கிறது, அந்த இழுவிசைதான் நட்டைப் பிடித்து வைக்கிறது. கூரையின் சுழல் மூட்டில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. முழுக்க இறுக்கினால் கூரை மடங்காது, நைலான் பிடியும் விரிசல் விடும். தளர்த்தி விட்டாலோ மோட்டாரின் அதிர்வில் நட்டு தானாகவே சுற்றி இறங்கும். போல்ட்டின் குறுக்கே வரும் அசைவுதான் அதைக் கழற்றுகிறது என்று 1969-இலேயே ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் சோதித்துக் காட்டிவிட்டார். அவர் பெயரால் வழங்கும் சோதனையில் ஸ்பிரிங் வாஷர் தேறுவதில்லை. ஆனாலும் எந்தக் கடையிலும் போல்ட்டோடு அதைச் சேர்த்துத்தான் பொட்டலம் கட்டுகிறார்கள்!

சுழல் மூட்டுக்கு நைலாக் நட்டுதான் சரி. உள்ளே இருக்கும் நைலான் வளையம் மரையைக் கவ்விக்கொள்வதால், இழுவிசை இல்லாவிட்டாலும் வைத்த இடத்தில் நிற்கிறது. இறுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்தினோம். கூரை லேசாக மடங்கியது, மோட்டாரை ஓட்டிப் பார்த்தபோதும் நட்டு நகரவில்லை. வளையத்தைத் தாண்டி ஓரிரு மரையாவது வெளியே தெரிய வேண்டும், இல்லையென்றால் பிடி கிடையாது. எஸ்.எஸ். நட்டை டிரில் மெஷினில் வைத்து விர்ரென்று ஏற்றாதீர்கள். சூட்டில் மரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிறகு போல்ட்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கையால் மெதுவாக, மரையில் துளி ஆன்டி-சீஸ் தடவி ஏற்றுவது நல்லது. கழற்றிய நைலாக்கின் பிடி ஒவ்வொரு முறையும் குறையும். விலையும் அற்பம், புதிதாகவே போடலாம்.

திரெட்லாக்கருக்கு இங்கே வேலை குறைவு. நீல நிற லாக்டைட் 243 வாங்கினோம். பாட்டில் பாதிதான் நிரம்பியிருக்கும். அது மோசடி இல்லை. காற்று இருக்கும்வரை திரவமாகவே கிடந்து, உலோக மரைகளுக்கு நடுவே காற்று இல்லாமல் சிக்கும்போது இறுகும் பசை இது. உள்ளே காற்று இல்லையென்றால் பாட்டிலிலேயே கல்லாகிவிடும். அதே காரணத்தால் நைலான் பிடிகளில் இது ஈரமாகவே நிற்கும், சில பிளாஸ்டிக்குகளை வெடிக்கவும் வைக்கும். குழாயைக் கவ்வும் எஸ்.எஸ். கிளாம்ப்பின் க்ரப் ஸ்க்ரூக்களில் மட்டும் போட்டோம். எண்ணெய் துடைத்து, ஒரு சொட்டு, 24 மணி நேரம் ஓய்வு. எஸ்.எஸ்.-இல் இது சாவகாசமாகத்தான் பிடிக்கும். பிடித்த பிறகு சின்ன ஆலன் கீயால் கொஞ்சம் முக்கினால் கழல்கிறது. சிவப்பு ரகம் வேண்டவே வேண்டாம்: அதைக் கழற்ற 250 டிகிரி சூடு காட்ட வேண்டும், பக்கத்தில் துணியும் ஃபைபரும் இருக்கின்றன.

மூன்றாவது, படகின் விளிம்பில் கூரைக் கால் உட்காரும் இடத்துக்கான பின். முனையில் ஸ்பிரிங் குண்டு. தள்ளினால் நுழையும், வளையத்தைப் பிடித்து இழுத்தால் வரும். கூரையை அடிக்கடி கழற்றுபவர்களுக்கு ஸ்க்ரூடிரைவர் தேடும் வேலை மிச்சம். ஆனால் மலிவுப் பின்களில் உடம்பு 316, உள்ளே ஸ்பிரிங் சாதா இரும்பு. குண்டு துருப்பிடித்து உள்ளேயே அமுங்கிக்கொண்டால் அது வெறும் ஆணிதான். வாங்கும்போது ஸ்பிரிங்கும் எஸ்.எஸ். தானா என்று கேளுங்கள். கூட வரும் கயிற்றையும் பிளாஸ்டிக் உறை போட்ட எஸ்.எஸ். கம்பியாக மாற்றிவிடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, குண்டை விரலால் அமுக்கிப் பாருங்கள். துள்ளி வெளியே வராவிட்டால் அன்றே மாற்றிவிட வேண்டும்.