ஏவலா, அருளா, தூண்டுதலா?

இரண்டாம் தீமோத்தேயு 3:16-ல் பவுல் வழங்கும் 'தியோப்நியூஸ்டோஸ்' என்ற கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் அந்த ஓரிடத்தில் மாத்திரமே வருகிறது. 'கடவுள் ஊதியது' என்பது அதன் நேர்ப்பொருள். 1871-ல் வெளிவந்த பவர் திருப்புதல் இதற்கு 'அருள்' என்னும் வினையை ஆண்டது. இரண்டாம் பேதுரு 1:21-ல் 'ஏவு' என்றது. 1995-ல் வெளியான பொதுமொழிபெயர்ப்பு தீமோத்தேயு நிருபத்தில் 'தூண்டுதல்' என்கிறது. இறையியல் வகுப்பறையில் இம்மூன்றையும் ஒரே கோட்பாட்டின் பெயர்களாகப் பாவித்துக் கடந்துவிடுகிறோம். சபையின் செவி அவ்வாறு கடப்பதில்லை.

கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் 'ஏவல்' என்றவுடன் மக்கள் நினைவுக்கு வருவது பில்லி, சூனியம் ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் ஏவலே. 'அருள்' என்பதும் அங்கே வெறும் கிருபையன்று. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு அக்கினிச்சட்டி ஏந்திச் செல்லும் கூட்டத்தைக் கண்டு வளர்ந்தவனுக்கு, அருள் என்பது ஒருவர்மேல் இறங்குவது. இறங்கியபின் பேசுகிறவர் தம்மை அறியார். தெளிந்தபின் தாம் கூறிய வாக்கையும் அறியார். இம்மக்களின் பக்தியை இகழ்வது என் நோக்கமன்று. மோசேயையும் பவுலையும் நம் விசுவாசி இந்தச் சாயலில் எண்ணிக்கொள்கிறார் என்பதே சிக்கல். (இது நமக்கு மட்டும் உரிய மயக்கமும் அன்று. இரண்டாம் நூற்றாண்டின் அத்தெனாகோரஸ், குழலை ஊதுகிறவன்போல ஆவியானவர் தீர்க்கதரிசிகளைப் பயன்படுத்தினார் என்று எழுதினார்.)

விளைவு சிறியதன்று. தன்னை மறந்த நிலையே தெய்வ ஏவுதலின் அடையாளம் என்றால், ஆவேசத்தோடு பேசும் எந்தப் பிரசங்கியாரும் வேதத்துக்குச் சமமான அதிகாரம் கோரலாம். கோருகிறவர்களும் உண்டு. ஆனால் திருமறை தன்னைப்பற்றி வேறுவிதமாகச் சாட்சியிடுகிறது. லூக்கா விசாரித்து அறிந்து வரிசையாக எழுதியதாகச் சொல்லுகிறார். தாம் வேறு யாருக்கேனும் ஞானஸ்நானம் கொடுத்தது நினைவில்லை என்று பவுல் எழுதுகிறார் (1 கொரி. 1:16); அந்த மறதியும் பரிசுத்த வேதத்திலேயே இருக்கிறது. தீர்க்கதரிசிகளின் ஆவி தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கிறது என்ற கருத்தை அதே நிருபம் 14:32-ல் கூறுகிறது. சாமியாடுதலுக்கும் தீர்க்கதரிசனத்துக்கும் உள்ள எல்லைக்கோடு இதுவே.

'வேதாகமம்' என்ற பெயரும் இங்கே சிந்திக்கத்தக்கது. வேதம் எவராலும் இயற்றப்படாதது என்பது மீமாம்சகர் கொள்கை. ஆகமம் சிவனிடமிருந்து வந்தது என்பது சைவர் கொள்கை. இவ்விரு பெயர்களையும் இணைத்துச் சூட்டிய நூலோ எரேமியாவின், ஆமோசின், லூக்காவின் நூல்.

அப்படியானால் 1995-ன் 'தூண்டுதல்' போதுமா? திரியைத் தூண்டினால் விளக்குத் தன் எண்ணெயிலேயே எரியும். எழுதியவரின் அறிவும் மொழியும் அழியாமல் நிற்பதை இச்சொல் அழகாகக் காட்டுகிறது. ஆயினும் ஆளைத் தூண்டலாம், எழுத்தைத் தூண்ட முடியாது. பவுல் ஊதப்பட்டது என்று சொல்லுவது எழுத்தையே. அவ்வகையில் பழைய திருப்புதலே மூலத்துக்கு நெருக்கமானது. அங்குள்ள 'ஆவி' என்னும் சொல் தமிழில் மூச்சையும் குறிப்பது நமக்குக் கிடைத்த பாக்கியம். புதியது என்பதற்காகப் பொதுமொழிபெயர்ப்பைப் புகழ்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

பேதுருவின் சொல்லோ வேறு: சுமந்து செல்லப்படுதல். அப்போஸ்தலர் 27-ல் பெருங்காற்றுக் கப்பலைக் கொண்டுபோனதற்கும் அதே வினையே வருகிறது. காற்று கொண்டுபோயிற்று, மாலுமிகளோ உறங்கவில்லை, கப்பலைக் கட்டினார்கள், சரக்கை எறிந்தார்கள். ஆடிக்காற்றில் நெல் தூற்றியவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. காற்றின்றிப் பதர் பிரியாது. முறத்தை உயர்த்திப் பிடித்த கையோ தூற்றுகிறவனுடையது.

ஆராதனையில் பழைய திருப்புதலின் வாசிப்பை மாற்றவேண்டுமென்று நான் கோரவில்லை. திடப்படுத்தல் வகுப்பில் இரண்டாம் பேதுரு 1:21-ஐ மனப்பாடம் செய்விக்கும் ஆயர், அதே நாளில் முதலாம் கொரிந்தியர் 14:32-ஐயும் சேர்த்துக் கற்பிக்கட்டும்.