ஐம்பது மீட்டர்

ரிச்மண்ட் பூங்காவில் ஒரு கலைமான் என்னைத் துரத்திய கதையை மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அக்டோபர் மாதம், ஈரப் புல், கையில் புளிச்சாதப் பொட்டலம். ஓடிய ஓட்டத்தில் ஒரு ஷூ போனது, பொட்டலம் போனது, கடைசியில் சேற்றில் உட்கார்ந்ததுதான் மிச்சம். முதல் முறை சொன்னபோது மானுக்குச் சாதாரணக் கொம்புதான் இருந்தது. பிறந்தநாள், பொங்கல் விழா என்று சபை ஏற ஏற அது கிளை விட்டுக்கொண்டே போகிறது. எல்லாரும் சிரிப்பார்கள். நான் சொல்லாமல் விடுவது ஒன்றே ஒன்று. மான்களிடமிருந்து ஐம்பது மீட்டராவது தள்ளி நில்லுங்கள் என்று பூங்காக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். இணைசேரும் பருவத்தில் இன்னும் கவனம் என்றும். நல்ல படம் கிடைக்குமே என்று நான் பத்து மீட்டர் வரைக்கும் போனேன்.

நகைச்சுவைப் பயணக் கதையின் பலமும் கோளாறும் இந்த ஒரே இடத்தில்தான் இருக்கின்றன என்பது என் கட்சி. சொல்பவர் தன்னையே கோமாளியாக்கிக்கொள்கிறார்; நமக்கு அவரைப் பிடித்துப்போகிறது. சேற்றில் விழுந்ததைத் தானே ஒப்புக்கொண்டவனிடம் ‘வேறென்ன மறைத்தாய்?’ என்று யார் கேட்கப்போகிறார்கள்? 2011-ல் இதே பூங்காவில் ஃபென்டன் என்ற நாய் மான்கூட்டத்தை விரட்ட, ஒரு மனிதர் அதன் பெயரைக் கத்திக்கொண்டே பின்னால் ஓடிய காணொளி உலகத்தையே சுற்றிவந்தது. சில விநாடிகள்தான். கார் ஓடும் சாலையை மான்கள் அடித்துப்பிடித்துக் கடப்பதும் அதே விநாடிகளில் இருக்கிறது. எத்தனையோ முறை பார்த்துச் சிரித்த பிறகுதான் அது என் கண்ணில் பட்டது.

லண்டன்காரர்களுக்கு இந்த வகை எழுத்து சொந்தச் சொத்து மாதிரி. ஜெரோம் கே. ஜெரோமின் ‘த்ரீ மென் இன் எ போட்’ 1889-ல் வந்தது. கிங்ஸ்டனில் படகேறித் தேம்ஸில் மேலே போகும் மூன்று சோம்பேறிகள், ஒரு நாய். நதிக்கரை ஊர்களின் வரலாற்றை எழுதத்தான் அவர் உட்கார்ந்தார். சிரிப்பு நடுவில் புகுந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. குமாஸ்தாக்களின் கொச்சைப் பேச்சு என்று அன்றைய விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். இன்று படிக்கும்போது நான் தாண்டிப் போவது அந்த வரலாற்றுப் பத்திகளைத்தான். நாய் கற்பனை என்பது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. கோரிங் பக்கம் ஒரு பெண்ணின் உடல் நீரில் மிதந்துவருகிறது. கேலிப் புத்தகத்துக்கு அது வேண்டாத சரக்கு. ஜெரோம் அதை வெட்டவில்லை. சிரிப்பு அப்படியே நின்றுபோகிறது. அந்த இடம் ஒட்டவில்லை என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. அது ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்பதால்தான் மற்ற பக்கங்களை நான் நம்புகிறேன்.

ஜாம்ஷெட்பூரில் பிறந்த ஜெரால்ட் டரல் வேறு மாதிரி ஆள். சிறுவயதில் குடும்பத்தோடு கார்ஃபு தீவில் இருந்ததை 1956-ல் புத்தகமாக்கினார். தீப்பெட்டிக்குள் ஒரு தாய்த்தேளை அடைத்துவைக்கிறான் பையன். முதுகு நிறையக் குஞ்சுகளோடு அது எப்படி இருக்கும் என்று முதலில் காட்டிவிடுகிறார். அண்ணன் சிகரெட் பற்றவைக்க அந்தப் பெட்டியைத் திறப்பது அப்புறம்தான். தேளைப் பார்த்துவிட்டோம், அதனால் சிரிக்கிறோம். இந்த ஒழுங்கு என் மான் கதையில் இல்லை. கொம்பைத் தவிர அந்த மானைப் பற்றி நான் ஒன்றுமே சொல்வதில்லை.

ஆனால் மனிதர்கள் என்று வரும்போது டரலின் கை நீள்கிறது. அண்ணன் லாரன்ஸ் அப்போது கல்யாணமானவர். மனைவி நான்சியோடு அதே தீவில் தனியாகக் குடியிருந்தார். புத்தகத்திலோ அம்மா வீட்டில் அட்டகாசம் செய்யும் கட்டைப் பிரம்மச்சாரி. நான்சி என்று ஒருத்தி இருந்த சுவடே இல்லை. வீட்டுக் கலாட்டா தங்குதடையில்லாமல் நடக்க ஒரு மருமகளைக் காணாமல் அடிக்க வேண்டியிருந்தது. தேளுக்குக் கிடைத்த நியாயம் அண்ணிக்குக் கிடைக்கவில்லை. 1959-ல் ஜெர்சி தீவில் அவர் தொடங்கிய விலங்குக்காட்சிசாலைக்கு இந்தப் புத்தகங்களின் வருமானம் கைகொடுத்தது என்பதையும் கணக்கில் வைக்கத்தான் வேண்டும். அழியவிருந்த உயிர்கள் சில அங்கே பிழைத்தன.

எரிக் நியூபி லண்டன் ஆடை வியாபாரத்தை உதறிவிட்டு, வேல்ஸில் நான்கே நாள் பழகிக்கொண்டு, 1956-ல் ஆப்கானிஸ்தான் மலை ஏறப் போனவர். ஏறத் தெரியாததுதான் அவருடைய வேடிக்கை முழுவதும். அந்த வேடிக்கைக்கு முட்டுக்கொடுத்தபடி கூடவே நடந்த ஆப்கானியர்கள் யாரும் புத்தகம் எழுதவில்லை.

இவர்கள் எல்லோருக்கும் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. இல்லாதவர்களும் சிரிக்கச் சிரிக்கக் காட்டுக்கதை சொல்வார்கள் என்று எனக்குக் காட்டியவர் ஈஸ்ட்ஹாமில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை. தொண்ணூறுகளில் ஏஜென்சிக்காரன் பின்னால் ஏதோ ஒரு எல்லைக்காட்டை இரவில் நடந்து கடந்தவர். காட்டுப்பன்றி ஒன்று உறுமிக்கொண்டு வர, வழிகாட்ட வந்தவனே முதல் ஆளாக மரத்தில் ஏறியதை அவர் நடித்தே காட்டுவார். ஜெரோமை விட நேரம் பார்த்துச் சிரிக்கவைப்பார். இது என் மதிப்பீடு. “பன்னிரண்டு பேரும் மரத்தில, கீழ பண்டி எங்கட பாணைத் திண்டுகொண்டு நிக்குது!” பிள்ளைகளுக்கு மனப்பாடம். அவருடைய கதையில் நான் ரொம்ப நாளாக என் ஐம்பது மீட்டரைத் தேடினேன். எதை மறைக்கிறார், யாரைக் கோமாளியாக்குகிறார் என்று.

போன மாதம் அவருடைய பேத்தி, ஏழு வயது இருக்கும், விரலை மடக்கிக் கேட்டாள். “தாத்தா, காட்டுக்குள்ள போகேக்க பதின்மூன்று பேர் எண்டு சொன்னீங்கள்.”

“சாப்பாடு ஆறுது, எழும்புங்கோ” என்றார்.