எண் இல்லாத மோட்டார்

வீட்டுப் பட்டறையில் சின்னத் துளைக் கருவி செய்ய 12 வோல்ட் மோட்டார் தேடுகிறவர், கடைக்குப் போகுமுன் கழித்துப்போட்ட இங்க்ஜெட் பிரிண்டர் ஒன்றைத் திறந்து பார்ப்பது நல்லது. வோல்ட்டும் வேகமும் தெரியாத பொருளை எப்படி நம்புவது என்று கேட்கலாம்; நியாயமான கேள்விதான். ஆனால் நிலைக் காந்தமும் கார்பன் பிரஷ்ஷும் உள்ள டிசி மோட்டார் தன் குணத்தைத் தானே சொல்லிவிடும். தண்டை டிரில்லில் பிடித்து நிமிடத்துக்கு 1,000 சுற்று சுழற்றினால் மோட்டாரே ஜெனரேட்டராகிறது. அப்போது மல்டிமீட்டர் 4 வோல்ட் காட்டினால், 12 வோல்ட்டில் சுமையில்லாமல் ஏறக்குறைய 3,000 சுற்று ஓடும். சுருளின் தடை 3 ஓம் என்றால், தண்டு சிக்கி நிற்கும்போது 4 ஆம்பியர் இழுக்கும். ஃப்யூஸை அதை வைத்தே தேர்ந்தெடுக்கலாம். எவ்வளவு நேர்மையான பொருள்! (இரண்டுக்கு மேல் வயர் வந்தால் அது பெரும்பாலும் ஸ்டெப்பர், இந்த வேலைக்கு வேண்டாம்.)

புதியது மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். கடையில் கேட்கும் ‘775’ என்ற எண் மோட்டாரின் அளவைத்தான் குறிக்கிறது, வோல்ட்டையோ வேகத்தையோ அல்ல. அதையும் அளந்துதான் அறிய வேண்டும். பழையதில் பிரஷ் தேய்ந்திருக்கும் என்பது உண்மை. கம்யூட்டேட்டரில் பொறி அதிகம் பறந்தால் ஒதுக்கிவிடலாம். மெதுவான, வலுவான சுழற்சி வேண்டுமென்றால் கார் வைப்பர் மோட்டாருக்கு ஈடில்லை. வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டும் புழுப் பல்சக்கரம் அதன் உள்ளேயே இருக்கிறது. மூன்றாவது பிரஷ் ஒன்று இரண்டாம் வேகத்தையும் தருகிறது.