பழைய மேக்புக்கிற்குப் புதிய வட்டு

ஆப்பிள் நிறுவனம் 2012-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியிட்ட 13 அங்குல மேக்புக் ப்ரோவைப் பற்றி இப்பொழுது விமர்சனம் எழுதுவது காலங்கடந்த காரியம் என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், சாதாரணமான இரண்டரை அங்குல வட்டையும் ராம் பலகைகளையும் உடையவரே திருப்புளியை எடுத்து மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்தை அந்நிறுவனம் தன் மடிக்கணினிகளில் கடைசியாக விட்டுவைத்தது அந்தத் தலைமுறையில்தான். 2016 வரை விற்பனையிலும் இருந்தபடியால், குப்பைக்குப் போக மனம் வராமலும் உபயோகிக்கப் பொறுமை இல்லாமலும் அது இன்னும் அநேகர் அலமாரிகளில் கிடக்கிறது.

அதன் வியாதி மூளையில் இல்லை. ஐ-5 பிராசஸர் எழுத்து வேலைக்கும் இணையத்துக்கும் இன்றும் தாராளமாகப் போதும். நிமிஷத்துக்கு 5,400 சுற்றுச் சுற்றும் ஹார்ட் டிஸ்க்தான் அதைக் கட்டிப் போடுகிறது. ஒரு சுற்றுக்குப் 11 மில்லி செகண்டு ஆகிறது. வேண்டிய இடம் ஊசியின் கீழ் வந்து சேரச் சராசரியாக அதில் பாதி நேரம், ஊசி நகரும் நேரம் வேறு. ஒரு கோப்புக்கு இது அற்பம்; ஆனால் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடி எடுத்துத்தான் கணினி கண் விழிக்க வேண்டும் என்னும்பொழுது, அற்பங்கள் சேர்ந்து நம் பொறுமையை அளந்து பார்க்கின்றன.

வட்டை மாற்றுவதில் வித்தை எதுவும் இல்லை. அடித்தகட்டில் பத்துத் திருகாணிகள். அவற்றில் மூன்று நீளமானவை, ஆகையால் கழற்றிய இடத்தின் வரிசைப்படி வைத்துக்கொள்வது நல்லது. வட்டின் பக்கங்களில் உள்ள நான்கு முளைகளுக்கு டி-6 டார்க்ஸ் திருப்புளி அவசியம். வட்டையும் தாய்ப்பலகையையும் இணைக்கும் மெல்லிய பட்டை வயரை மட்டும் மரியாதையாக நடத்த வேண்டும். இந்த மாடலில் அது சீக்கிரம் பழுதாகும் சுபாவமுள்ளது என்பதால், புது வட்டு காரணமின்றிப் பிழை காட்டினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். சாட்டா வகை எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தியபின், பழைய வட்டில் செகண்டுக்கு 100 எம்பியைத் தொடத் தவித்த வேகம் 500 எம்பியை எட்டுகிறது. உண்மையான லாபம் அந்த எண்ணில் இல்லை. தேடும் நேரம் ஏறக்குறைய அற்றுப்போவதில் இருக்கிறது.

இனிக் கோப்பு முறைமை. 1998-இல் வந்த எச்எஃப்எஸ் பிளஸ், பிற்பாடு ஜர்னலிங் சேர்த்து வலுப்படுத்தப்பட்டதென்றாலும், கோப்பின் நேரத்தைச் செகண்டுக்குக் குறைந்து குறிக்க அறியாதது. 2040 பிப்ரவரிக்கு அப்பால் ஒரு தேதி உண்டென்பதையும் அறியாதது. 2017-இல் ஹை சியரா இயங்குதளத்துடன் வந்த ஏபிஎஃப்எஸ், பழைய எழுத்தின்மேல் எழுதாமல் மாற்றத்தைப் புதிய இடத்தில் எழுதிவிட்டு அடையாளத்தை மட்டும் திருப்பிவிடுகிறது. அதனாலேயே, பெரிய வீடியோ ஒன்றைப் பிரதி எடுத்தால் கண நேரத்தில் முடிகிறது. வட்டில் இடமும் குறைவதில்லை.

ஆனால் இந்தச் சிறப்பே சுழலும் வட்டில் சாபமாகிறது. பழைய ஹார்ட் டிஸ்கை வெளிப்பெட்டியில் இட்டு அதே முறைமையில் அமைத்துப் பார்த்தேன்: கோப்பகத்தைத் திறப்பதற்கே தயக்கம். குறிப்புகள் மூலைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்க, ஒரே சேவகனை ஊர் முழுதும் ஓட்டி வீட்டுக்கு ஒரு பாத்திரமாக இரவல் வாங்கிவரச் செய்வது போல் ஊசி அலைகிறது. 2018-இல் மொஹாவேயோடு இம்முறைமையை ஹார்ட் டிஸ்குகளுக்கும் நீட்டித்தது உபகாரமன்று என்பது என் அபிப்பிராயம். வட்டை மாற்றாமல் முறைமையை மட்டும் மாற்றுகிறவர் நஷ்டத்தையே வாங்குகிறார்.

குறை இல்லாமலும் இல்லை. தன் சொந்தக் குறிப்புகளுக்குச் சரிபார்ப்புத் தொகை வைத்துக்கொள்ளும் ஏபிஎஃப்எஸ், நம் கோப்புகளுக்கு வைப்பதில்லை. ஒரு புகைப்படம் வட்டிலேயே மெல்லக் கெட்டுப்போனால் அது வாய் திறவாது. இந்தக் காவல் முழுவதும் உள்ள இஸட்எஃப்எஸ் முறைமையை மேக்கிற்குக் கொண்டுவரும் முயற்சியை ஆப்பிள் 2009-இல் கைவிட்டதை எண்ணினால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. மேலும், அழித்த கோப்புகளின் இடம் காலி என்று வட்டுக்கு அறிவிக்கும் டிரிம் வசதி, பிற நிறுவனங்களின் எஸ்எஸ்டிகளுக்குத் தானாக இயங்குவதில்லை. டெர்மினலில் டிரிம்ஃபோர்ஸ் கட்டளையைக் கொடுத்துத்தான் இயக்க வேண்டும்.

இந்தக் கணினிக்கு ஆப்பிள் அனுமதித்த கடைசி இயங்குதளம் 2019-இன் கேட்டலினா. அதிலுள்ள டைம் மெஷின் தன் காப்புப் பிரதிகளை எச்எஃப்எஸ் பிளஸ் வட்டில்தான் வைக்கும். ஆகவே கழற்றிய ஹார்ட் டிஸ்கைத் தூக்கி எறியாமல், அதன் பழைய முறைமையிலேயே மறுபடி அமைத்து, யுஎஸ்பி 3 பெட்டியில் இட்டுக் காப்பு வட்டாக வைத்துக்கொள்ளலாம்.