பதத்தில் பேசுகிறவள் யார்?

மலருக்கு எழுதும்படி சபைப் பெரியவர்கள் பணித்ததும், பதத்தைப் பற்றியே எழுதுவது என்று தீர்மானித்தேன். க்ஷேத்ரக்ஞர் ஆண், அவர் பதங்களில் பேசுகிறவள் பெரும்பாலும் பெண். பெண் பாடினால் அது அவளுடைய சொந்த ஏக்கமோ என்று அவை சந்தேகிக்கிறது. ஆண் பாடினால் உடனே ஜீவாத்மா, பரமாத்மா என்று மரியாதை கூடிவிடுகிறது. பராங்குச நாயகியையும் பரகால நாயகியையும் கேட்டு வளர்ந்த நமக்கு இது இயல்புதான். ஆனால் முவ்வகோபாலனை வாசலிலேயே நிறுத்திக் கணக்குக் கேட்கிறவளை முழுக்க ஆத்மாவாக்கிவிட முடியுமா? மெலட்டூர் பாகவத மேளாவில் ஆண் பெண்ணாவதற்கு வேடம் துணை நிற்கிறது. கச்சேரி மேடையில் அந்த வசதி இல்லை.

எங்கள் தனம்மாள் வழி இதற்கு விடை கண்டது. வாலாஜாபேட்டை பாலதாஸ் நாயுடுவிடம் தனம்மாள் பதங்களைப் பாடம் கேட்டார். பிருந்தாம்மாவிடம் ராம்நாட் கிருஷ்ணன் கேட்டார். ஆணிடமிருந்து பெண்ணுக்கு, பெண்ணிடமிருந்து ஆணுக்கு. கிருஷ்ணன் குரலைப் பெண்மையாக்கிக்கொள்ளவில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் காத்திருந்தார். நாயகி அங்கே வந்தாள். பாலசரஸ்வதியோ 1975இல் தமிழ் இசைச் சங்கத் தலைமையுரையில் சிருங்காரத்துக்கே முதலிடம் தந்தார். அதைப் பக்தியென்று பெயர் மாற்றிக் காப்பாற்ற வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

என் குருவம்மாள் முகாரிப் பதமொன்றை மாதக்கணக்கில் சொல்லித் தந்தார். அனுபல்லவியில் தொடங்கிப் பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் நான் குரலைக் குழைத்தால் நிறுத்திவிடுவார். இவள் அழவில்லை, தோழி எதிரில் அழ மாட்டாள், அழுகையை விழுங்கிக்கொண்டு பேசுகிறாள் என்பார். அந்த ஒரு பிடிக்காக மறுபடி முதலிலிருந்து. அங்கே ஆண் சீடருக்கும் பெண் சீடருக்கும் ஒரே பாடம்தான்.

யாரையும் மனத்தில் வைத்து எழுதவில்லை. இன்று பாடுகிறவர்களின் சாரீர வளம் எங்கள் காலத்தில் அபூர்வம். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். பதம் துக்கடாவாகச் சுருங்கி, மங்களத்துக்கு முன்னால் அவசரமாக ஓடுகிறது. சரணம் போயிற்று. சௌக்க காலம் போயிற்று. பேசுவது தலைவியா, தோழியா, அபூர்வமாகத் தலைவனா என்று கேட்கிறவர் இல்லை. சுவீயையா சாமானியையா என்று கேட்டால் விழிக்கிறார்கள். இராம நாடகத்தில் கன்னிமாடத்துச் சீதையைக் கண்டு இராமன் பாடும் பைரவிப் பாட்டைச் சீதையின் பாட்டென்றே ஒரு மேடையில் அறிமுகம் செய்தார்கள். பாடுகிறவர் பெண் என்பதால் இராமனும் பெண்ணாகிவிடுவானா? அவையில் ஒருவரும் திடுக்கிடவில்லை. ரசிகர்களின் காதும் கெட்டுவிட்டது, விமர்சகர்களின் பேனாவும் கெட்டுவிட்டது, இசைக் கல்வியே அடியோடு கெட்டுவிட்டது என்று அன்று இரவெல்லாம் தூங்காமல் கிடந்தேன்.

நம் சபை வருஷத்துக்கு ஒரு மாலையைப் பதத்துக்கென்றே ஒதுக்கட்டும். ஆண்களும் பாடட்டும், பெண்களும் பாடட்டும். ஒரே பதத்தை இருவரும் அடுத்தடுத்துப் பாடினால் இன்னும் நல்லது. மைக் எதிரில் கடிகாரம் மட்டும் வேண்டாம்.