'நைஸ்' என்கிற சொல்

'நைஸ்' என்ற இங்கிலீஷ் சொல்லின் மூலம் லத்தீன் 'நெஸ்கியுஸ்': அறியாதவன். பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் இங்கிலாந்து வந்து சேர்ந்தபோது அதற்கு மடையன் என்றுதான் அர்த்தம். பிறகு, எதிலும் நொட்டை பார்ப்பவன். 16ஆம் நூற்றாண்டில் நுட்பம், துல்லியம். 18இல் வெறும் 'இனியது'. மடமையில் புறப்பட்டு, துல்லியத்தைத் தொட்டுவிட்டு, எதையும் குறிப்பாகச் சொல்லாத ஒன்றாகிவிட்டது.

ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே' (அவர் இறந்தபின் 1817 கடைசியில் வெளிவந்தது) இந்தச் சரிவைப் பிடித்திருக்கிறது. காதரீன் ஒரு நாவலை 'நைஸ்' என்கிறாள். ஹென்றி டில்னி, பைண்டிங்கைச் சொல்கிறாயா என்று சீண்டுகிறான். ஆதியில் இது செம்மை, நயம் குறித்த சொல்லாக இருந்திருக்கும் என்று பிரசங்கம் வேறு. மூலம் அவனுக்கும் தெரியவில்லை. சகோதரி எலினார் அதே சொல்லை, நொட்டை பார்ப்பவன் என்ற பழைய அர்த்தத்தில், அவன் மீதே திருப்புகிறாள். தூய்மைவாதியை இதைவிடச் சிக்கனமாக மடக்க முடியாது. (ஃபௌலர் 1926இல் தன் மொழிப் பிரயோக அகராதியில், இந்தச் சொல் சாரமிழந்த பழியைப் பெண்கள் மேல் போட்டார். ஆஸ்டினை மறந்துவிட்டார் போலும்.)

தமிழில், நைஸாக அரைத்த மாவில் அந்த நுட்பம் இன்னும் இருக்கிறது. 'நைஸாக நழுவினான்' என்பதில் அதுவே கள்ளத்தனம். நம் மதிப்புரைகளில் அடிக்கடி வரும் 'நல்ல முயற்சி' இந்த இரண்டாவது வகை நைஸ். எழுதினவன் என்ன செய்தான், எந்த வரியில் தவறினான் என்பதைச் சொல்லாமல் நழுவுவது. சிநேகிதர்களின் தொகுப்புகளுக்கு எழுதப்படுவதில் பாதி இதுதான்.