விளக்கு மாறும் நொடியைப் பாருங்கள்

பெரிய இசை நிகழ்ச்சி முடிந்து வெளியே வருகிறவர்கள் பாடகரின் குரலைப் பற்றிப் பேசுவார்கள். ஒலி சரியில்லை என்றால் அதைப் பற்றி இன்னும் அதிகமாகப் பேசுவார்கள். விளக்கைப் பற்றிய பேச்சு மட்டும் ‘செம லைட்டிங்’ என்பதோடு நின்றுவிடும். எது செம, எந்த இடத்தில் செம என்று கேட்டால் பதில் வராது.

அந்தப் பதிலைத் தேட வேண்டிய இடம் அரங்கின் பின்பகுதி. ஒலிக் கலவை மேசைக்குப் பக்கத்தில் விளக்குகளை இயக்கும் கன்சோல் என்னும் இன்னொரு மேசை இருக்கும். அதில் வரிசையாக ஃபேடர் என்னும் நகரும் பிடிகள், பொத்தான்கள், ஒன்றிரண்டு தொடுதிரைகள். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒன்றில் ‘பாடகர்’, ஒன்றில் ‘டிரம்ஸ்’, ஒன்றில் ‘ஆம்பர்’, ஒன்றில் ‘கூட்டம்’ என்று எழுதியிருக்கும். இவைதான் பிரீசெட்டுகள். மேடை ஒளியை ரசிக்கக் கற்றுக்கொள்வதற்கு இந்தக் கட்டங்களைப் புரிந்துகொள்வதே குறுக்கு வழி.

கட்டத்துக்குள் இருப்பது

மேலே ட்ரஸ் என்னும் சட்டத்தில் தொங்கும் மூவிங் ஹெட் விளக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இடவலமாகத் திரும்ப ஓர் எண், மேல்கீழாகச் சாய ஓர் எண், பிரகாசத்துக்கு ஒன்று, நிறத்துக்குச் சில, கோபோ என்னும் உருவத்தகட்டுக்கு, ஜூமுக்கு, ஃபோகஸுக்கு என்று தனித்தனி எண்கள். இப்படி ஒரு விளக்குக்கே 30 சேனல்கள் தேவைப்படுவது சாதாரணம். ஒவ்வொரு சேனலிலும் 0 முதல் 255 வரை ஏதாவது ஒரு மதிப்பு இருக்க வேண்டும். இருபது விளக்குகள் இருந்தால் 600 எண்கள். அமெரிக்க அரங்கத் தொழில்நுட்ப அமைப்பான யு.எஸ்.ஐ.டி.டி. 1986-ல் வகுத்த டிஎம்எக்ஸ் 512 முறையில் ஒரு கம்பி வழியாகப் போகக்கூடியவை 512 சேனல்கள்தான். இருபது விளக்குக்கே ஒரு கம்பி போதாது.

பல்லவி முடிந்து சரணம் தொடங்குவதற்குள் 600 எண்களைத் தட்டச்சு செய்ய யாராலும் முடியாது. அதனால் ஆபரேட்டர் முன்னதாகவே உட்கார்ந்து, எல்லா விளக்குகளையும் பாடகர் நிற்கும் இடத்துக்குத் திருப்பி, அந்தத் திசையை மட்டும் ‘பாடகர்’ என்ற பெயரில் சேமிக்கிறார். ஆம்பர் நிறத்தை மட்டும் தனியாகச் சேமிக்கிறார். இலை நிழல்போல விழும் கோபோவை வேறொரு கட்டத்தில் வைக்கிறார். கன்சோலுக்குக் கன்சோல் பெயர் மாறும். அமெரிக்காவின் ஈடிசி நிறுவனத்தின் ஈயோஸ் மென்பொருளில் நிறம், திசை போன்ற ஒற்றைக் குணத்தைச் சேமிப்பது பேலட். பல குணங்களைச் சேர்த்துச் சேமிப்பது பிரீசெட். ஜெர்மனியின் எம்ஏ லைட்டிங் தயாரிக்கும் கிராண்ட்எம்ஏவில் எல்லாமே பிரீசெட்தான். பெயர் எதுவானாலும் இவை அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் சாமான்கள், சமையல் இனிமேல்தான்.

சமைத்த பதார்த்தத்துக்குத் தொழிலில் ‘க்யூ’ என்று பெயர். பிரீசெட்டின் அருமை இந்த இடத்தில்தான் தெரியும். க்யூவுக்குள் எண்கள் எழுதப்படுவதில்லை. ‘பாடகர் திசை, ஆம்பர் நிறம், மூன்று விநாடியில் மாறு’ என்ற குறிப்புதான் எழுதப்படுகிறது. இயக்குநர் கடைசி நிமிடத்தில் வந்து மைக்கை இரண்டு அடி தள்ளி வைத்துவிட்டார் என்றால், ஆபரேட்டர் எண்பது க்யூக்களையும் திறந்து திருத்த வேண்டியதில்லை. ‘பாடகர்’ என்ற ஒரே கட்டத்தைப் புதுப்பித்தால் அதைக் கைகாட்டும் எல்லாக் க்யூக்களும் தாமாகவே சரியாகிவிடும்.

ஊர் ஊராகப் போகும் குழுக்களுக்கு இதுதான் உயிர்நாடி. ஒரு விளக்கு பாடகரின் முகத்துக்கு 7 மீட்டர் மேலே, 6 மீட்டர் தள்ளித் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஊர் அரங்கின் கூரை தாழ்வு. ட்ரஸ் 1 மீட்டர் கீழே இறங்குகிறது. பழைய எண்களை அப்படியே போட்டால் ஒளியின் நடுப்புள்ளி பாடகருக்குக் கிட்டத்தட்ட 86 சென்டிமீட்டர் முன்னாலேயே விழுந்துவிடும். முகம் இருட்டில் இருக்கும். ஆகவே லாரியிலிருந்து இறக்கி, ட்ரஸ்ஸை ஏற்றி முடித்ததும் ஆபரேட்டரின் முதல் வேலை திசைப் பிரீசெட்டுகளை அந்த அரங்குக்கு ஏற்பத் திருத்துவது. நூற்றுக்கணக்கான க்யூக்கள் அப்படியே இருக்க, பத்துப் பன்னிரண்டு கட்டங்களை மட்டும் தொட்டால் போதும்.

பலகையிலிருந்து நினைவகத்துக்கு

முன்கூட்டியே அமைத்துவைக்கும் யோசனை கணினிக்கு மூத்தது. பழைய ஒளிக் கட்டுப்பாட்டுப் பலகைகளில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வரிசை ஃபேடர்கள் இருந்தன. மேல் வரிசை இப்போதைய காட்சியை ஒளிரச் செய்துகொண்டிருக்கும்போதே, கீழ் வரிசையில் அடுத்த காட்சிக்கான அளவுகளைக் கையால் வைத்துவிடுவார்கள். நேரம் வந்ததும் ஒரே பிடியை நகர்த்த, ஒரு காட்சி மங்கி மற்றது எழும். யேல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஐசனூர் 1947-ல் அமைத்த மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகை இந்த வழியில் பெரிய பாய்ச்சல்.

பிராட்வேயில் கணினி நினைவகம் கொண்ட பலகை நுழைந்தது 1975-ல், ‘எ கோரஸ் லைன்’ இசை நாடகத்தோடு. நியூயார்க்கின் ஷூபர்ட் அரங்கில் அதற்கு ஒளியமைத்தவர் தாரன் மஸ்ஸர். வெறும் மேடை, பின்னால் கண்ணாடிகள், வேலைக்குத் தேர்வாகக் காத்திருக்கும் நடனக் கலைஞர்களின் வரிசை. காட்சி அமைப்பே அவ்வளவுதான். தேர்வு நடக்கும் நேரம் எது, ஒரு கலைஞர் மனசுக்குள் பேசிக்கொள்ளும் நேரம் எது என்பதைப் பார்வையாளருக்குச் சொல்ல விளக்கை விட்டால் வேறு வழியில்லை. மஸ்ஸருக்கு 1976-ல் டோனி விருது கிடைத்தது. 1990 வரை 6,137 காட்சிகள் ஓடிய நாடகம் அது. இரவுக்கு இரவு அதே ஒளி, அதே அளவில் திரும்பி வர நினைவகம் உதவியது.

அடுத்த திருப்பம் 1981-ல். ஜெனிசிஸ் ராக் குழுவின் சுற்றுப்பயணத்தில் வாரிலைட் என்ற தானே திரும்பும், தானே நிறம் மாறும் விளக்குகள் முதன்முதலாக மேடையேறின. அதுவரை பலகை நினைவில் வைக்க வேண்டியிருந்தது பிரகாசத்தை மட்டும்தான். இப்போது திசையும் நிறமும் உருவமும் சேர்ந்துகொண்டன. பிரீசெட்டை வகைவகையாகப் பிரித்து வைக்கும் இன்றைய முறைக்கு இந்த விளக்குகளே காரணம்.

எதைக் கவனிப்பது?

முதலில், காட்சியைப் பார்க்காமல் மாற்றத்தைப் பார்க்கப் பழக வேண்டும். நீல ஒளியில் மேடை அழகாக இருக்கிறது என்பதை யாரும் சொல்லிவிடலாம். அந்த நீலம் எப்போது வந்தது, எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது என்பதில்தான் கைவண்ணம் தெரியும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆபரேட்டர் ஒரு கால அளவைத் தருகிறார். பூஜ்ஜிய விநாடி என்றால் தாளத்தின் அடியோடு சேர்ந்து பளிச்சென்று மாறும். ஐந்து விநாடி என்றால் கண்ணுக்குத் தெரிந்து கரையும். நாடகத்தில் ஒரு மாலைப் பொழுது சாய மூன்று நிமிடம்கூடக் கொடுப்பார்கள். பார்வையாளருக்கு மாற்றம் தெரியாது. வசனம் முடியும்போது அறை இருண்டிருப்பது மட்டும் தெரியும்.

இரண்டாவது, கூட்டிக் கழித்துப் பார்ப்பது. திசை வேறு, நிறம் வேறு என்று பிரித்துச் சேமித்திருப்பதால் ஒரே திசையை ஐந்து நிறங்களோடு சேர்க்கலாம். ஒரே நிறத்தை ஐந்து திசைகளில் காட்டலாம். நான்கு திசை, நான்கு நிறம் இருந்தாலே பதினாறு தோற்றங்கள் கிடைத்துவிடும். ஒரு நிகழ்ச்சியில் எத்தனை திசைகள் வருகின்றன என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே போனால், நல்ல ஆபரேட்டர் எதை ஒளித்து வைத்திருக்கிறார் என்பது புலப்படும். பெரும்பாலும் அது ‘கூட்டம்’ திசையாக இருக்கும். ஒன்றரை மணி நேரம் மேடையிலேயே நின்ற கற்றைகள், எல்லோரும் சேர்ந்து பாடும் அந்த ஒரு பாட்டில் மட்டும் பார்வையாளர் பக்கம் திரும்பும். முதல் பாட்டிலேயே அதைச் செலவழித்துவிட்டவருக்குக் கடைசிப் பாட்டில் கொடுக்க எதுவும் மிஞ்சாது.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத வேலை. ஒரு விளக்கு டிரம்ஸிலிருந்து பாடகருக்குத் திரும்ப வேண்டும். எரிந்துகொண்டே திரும்பினால் ஒளிக்கற்றை மேடை முழுவதையும் துடைத்துக்கொண்டு போகும். துள்ளல் பாட்டில் அது அழகு. மெல்லிய தாலாட்டில் அபசுரம். எனவே விளக்கு அணைந்திருக்கும்போதே, அடுத்த க்யூவின் திசையை எட்டிப் பார்த்து இருட்டிலேயே திரும்பித் தயாராக நிற்கும்படி மென்பொருளில் ஏற்பாடு உண்டு. அமைதியான பாட்டில் ஒளி எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் முகத்தில் மலர்ந்தால், அதற்குச் சில விநாடிகளுக்கு முன் மேலே ஒரு விளக்கு சத்தமில்லாமல் திரும்பியிருக்கிறது என்று பொருள். அடுத்த முறை மேடையை விட்டுவிட்டு ட்ரஸ்ஸைப் பாருங்கள்.

நான்காவது, நிறங்களின் பொருத்தம். மேடைக்கு வாடகைக்கு வரும் விளக்குகள் ஒரே ரகமாக இருப்பதில்லை. பின்னால் எல்இடி பார் விளக்கு, மேலே ஷார்ப்பி வகைக் கற்றை விளக்கு, பக்கத்தில் வேறொரு நிறுவனத்தின் மூவிங் ஹெட். மூன்றுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் மூன்று விதமான ஆம்பர் வரும். அக்கறையுள்ளவர் ஒவ்வொரு ரகத்துக்கும் தனி அளவைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்து, எல்லாவற்றையும் ஒரே ‘ஆம்பர்’ கட்டத்துக்குள் வைப்பார். வெள்ளையில்தான் இது சட்டென்று மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் மஞ்சள் கலந்த வெள்ளையும் மறுபக்கம் நீலம் கலந்த வெள்ளையும் காரணமில்லாமல் அடித்தால், அந்த வேலையை யாரோ தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.

முகத்தையும் பார்க்க வேண்டும். மாநிறத் தோல் சிவப்புப் பக்க ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு நீலத்தை அனுப்புவதில்லை. மேடை முழுக்க அடர்நீலம் அடித்தால் உடையும் புகையும் ஜொலிக்கும்; முகம் மட்டும் காணாமல் போகும். கூர்மையான ஆபரேட்டர் முகத்துக்கென்று இளஞ்சூட்டு வெள்ளையில் ஒரு பிரீசெட்டைத் தனியாக வைத்திருப்பார். மற்ற நிறங்கள் என்ன ஆட்டம் போட்டாலும் அது கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும்.

ஐந்தாவது, ஓட்டுவது யார் என்று கண்டுபிடிப்பது. சில நிகழ்ச்சிகளில் ஒளி முழுவதும் டைம்கோடு வழியாக இசைத்தடத்தோடு கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு அடிக்கும் துல்லியமாக வெட்டும், ஆனால் பாடகர் ஒரு வரியைக் கூடுதலாக இழுக்க இடமில்லை. இதற்கு நேர்மாறானது பஸ்கிங். க்யூ பட்டியலே கிடையாது. பிரீசெட்டுகளை விரல்நுனியில் வைத்துக்கொண்டு, பாட்டைக் கேட்டுக் கேட்டு அந்த நேரத்திலேயே வாசிப்பது. பாடகர் ஒரு சங்கதியை மூன்றாவது முறையும் பாடும்போது ஒளியும் காத்திருந்து கடைசியில் மலர்ந்தால் அங்கே கேட்கத் தெரிந்த காதும் உட்கார்ந்திருக்கிறது.

தமிழ் வாசகர்கள் இதைப் பயில மிகப் பொருத்தமான இடம் பரதநாட்டிய மேடை. அரை மணிக்கும் மேல் நீளும் வர்ணத்தில் ஜதியும் அபிநயமும் மாறி மாறி வரும். ஜதிக்கு மேடை முழுவதும் வெளிச்சம் வேண்டும், காலும் தரையும் தெரிய வேண்டும். அபிநயம் விரியும் சஞ்சாரியில் கண்ணும் கையும் போதும். ஒளி சுருங்கி முன்னால் வரலாம். போதிய ஒத்திகை இல்லாமல் வரும் ஆபரேட்டரும் இந்த இரண்டு நிலைகளைப் பிரீசெட்டாக வைத்திருந்தால், நட்டுவனாரின் தாளத்தைக் கேட்டே மாற்றிவிடலாம். ஜதியின் முத்தாய்ப்பான தீர்மானம் முடிந்த பிறகு ஒளி மாறுகிறதா, அதோடு சேர்ந்தே மாறுகிறதா என்று பாருங்கள்.

வசதி வேறு, ரசனை வேறு

பிரீசெட்டின் ஆபத்தும் அதன் வசதியிலேயே இருக்கிறது. மென்பொருளோடு வரும் சுழலும் வட்டம், வானவில் ஓட்டம், படபடவென்ற ஸ்ட்ரோப் எல்லாம் ஒரே தட்டில் கிடைக்கும். சோகப் பாட்டுக்கும் சுழல், குத்துப் பாட்டுக்கும் சுழல் என்றால் அங்கே ஒளியமைப்பு நடக்கவில்லை, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. கொல்கத்தாவின் மினர்வா அரங்கில் 1959-ல் உத்பல் தத்தின் ‘அங்கார்’ நாடகத்துக்காக, நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் ஏறும் காட்சியை வெறும் ஒளியால் உருவாக்கிக் காட்டினார் ஒளியமைப்பாளர் தாபஸ் சென். கணினி நினைவகம் மேடைக்கு வராத காலம். கருவி பெரிதா, கண் பெரிதா என்ற கேள்விக்கு அந்தக் காட்சியே போதும்.

கையால் செய்து பார்த்தால் ரசனை வேகமாக வளரும். ஈயோஸ், கிராண்ட்எம்ஏ3 இரண்டின் கணினி வடிவங்களையும் இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். முப்பரிமாண மேடையும் உள்ளேயே உண்டு. உண்மையான விளக்கை இயக்கத்தான் தனியாகக் கருவியோ உரிமமோ வாங்க வேண்டும். ஆறு விளக்குகளைத் தொங்கவிட்டு, நான்கு திசை, நான்கு நிறம் மட்டும் பிரீசெட்டாகச் சேமித்து, நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை ஓடவிட்டு வாசித்துப் பாருங்கள். ஸ்ட்ரோப் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்வது நல்லது.

விமர்சனம் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிராட்வேயில் ஒளியமைப்புக்கென்று தனி டோனி விருது 1970 முதலே வழங்கப்படுகிறது. நம் நாடக, நாட்டிய, கச்சேரி விமர்சனங்களில் பக்கவாத்தியக்காரர்களுக்குக் கிடைக்கும் ஒரு வரி விளக்குக்காரருக்கும் கிடைக்கட்டும். பெயரோடு, எந்த இடத்தில் ஒளி பேசியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.